மூன்று கால் மாடும் என் உதவித்தொகையும்

உதவித்தொகை கேட்டுப் போகிற இடத்துக்கு, விற்கத் தெரிந்த தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு மட்டும் அலுக்கவே மாட்டேன் என்கிறது. ஆகவே இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் காகிதத்தை நீட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

எழுபதுகளின் பிற்பகுதி. பரமத்தி வேலூரில் எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலை கைவிட்ட காலங்களில் அப்பா சந்தையில் மாட்டுத் தரகு பார்ப்பார். நான் எதையும் பார்க்கவில்லை, படம் வரைந்துகொண்டிருந்தேன். மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் எனக்கு இடமும் கிடைத்தது. (எப்படிக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.) அந்த வருடம் பார்த்துத்தானா கொடிக்காலில் நோய் விழ வேண்டும்? கொடியெல்லாம் வாடிச் சுருண்டுவிட்டது.

"படிக்க வெக்க வழியில்ல சாமி. நாமக்கல்லுல மாமன் லாரி புக்கிங் ஆபீசுல போயி உக்காந்துக்கோ" என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது புக்கிங் ஆபீசை நினைத்து வந்த அழுகை.

அப்போதுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டை உதவித்தொகை பற்றித் தெரிந்தது. அங்கே மண்டிக்காரர்கள் விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்து வைப்பார்கள். கோயில் திருவிழாவுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் போக மீந்த மகமையை, வளரும் ஓவியர்களில் ஒருவரைப் படிக்கவைக்கக் கொடுப்பதென்று அந்த வருடம் முடிவு செய்திருந்தார்கள். (ஓவியர் மேல் ஏன் இந்தத் திடீர்ப் பாசம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவார்களோ என்ற பயம்.) முக்கியமான விதி ஒன்றுதான். மகமை தருமக் காசு, வியாபாரம் செய்கிறவன் அதைத் தொடக் கூடாது. ஆகவே விண்ணப்பிக்கிறவர் அதுவரை ஒரு படத்தைக்கூட விலைக்கு விற்றிருக்கக் கூடாது.

எனக்காகவே எழுதியது போலிருந்தது. என் படத்தை யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டதில்லை.

நேர்காணலுக்குப் படம் ஒன்றும், குடும்ப நிலைமைக்குச் சாட்சியாகத் தகப்பனும் வர வேண்டும் என்றார்கள். கதவு அகலத்துக்கு ஒரு நீல நிற மாடு வரைந்தேன். தண்ணீரில் கரைகிற சாயம். அதைச் சேலம் பஸ்ஸின் மேல்கூரையில், வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே ஏற்றினோம்.

"தார்ப்பாய் போட்டுக் கட்டிப்போடலாம் சாமி. கூடையில தண்ணி சொட்டுமல்லொ?" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா. ஆர்ட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

வெற்றிலை வாடாமல் இருக்கக் கூடையை நனைத்துத்தான் ஏற்றுவார்கள் என்பது கொடிக்கால்காரன் பெற்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் அன்றைக்கு நான் கொடிக்கால்காரன் பிள்ளையாக இல்லை, கலைஞனாக இருந்தேன். சேலத்தில் இறக்கிப் பார்த்தால் மாட்டுக்குப் பின்னங்கால் ஒன்றைக் காணோம். கரைந்து ஓடிவிட்டிருந்தது.

அப்பா மாட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "நொண்டி மாடு போணியாகாதே சாமி" என்றார் கவலையோடு.

எனக்கு வந்த கோபத்தில் நடுத்தெரு என்றுகூடப் பார்க்கவில்லை. "இது சந்தையில்லப்பா! உள்ள வந்தா நீங்க வாயையே தொறக்கப்படாது. புரியுதுங்களா?"

"தொறக்கல சாமி."

விற்கக் கூடாது என்கிற விதியை அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாயையே திறக்காத மனிதர் எதை விற்றுவிடப் போகிறார்?

நேர்காணல் ஒரு மண்டியின் மாடியில் நடந்தது. கீழே மிளகாய் மூட்டை, மேலே எல்லோருக்கும் தும்மல். நடுவர்கள் மூன்று பேர். தலைவர் அரிசி மண்டிக்காரர். பக்கத்தில் விதிகளைக் கரைத்துக் குடித்த ஒரு ஜவுளிக்கடைக்காரர். மூன்றாமவரான வெல்ல மண்டிக்காரர் உடம்பு பெருத்தவர், மின்விசிறி தேடிப் பின்வரிசைக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புப் பெண் ஒருத்தி, ரயிலடிக் கூட்டத்தை வரைந்து கொண்டுவந்திருந்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாவம், பேசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏந் தம்பி, மாட்டுக்கு இன்னொரு காலு எங்கீங்க?" என்று தலைவர் கேட்டார்.

பஸ்ஸில் அழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கென்ன தலையெழுத்தோ, "இல்லாத காலைத்தாங்க நான் வரைஞ்சிருக்கேன்" என்றேன்.

"இல்லாதத எப்படித் தம்பி வரையறது?"

"அதுதாங்க நவீன ஓவியம்!"

ஆரம்பித்தேன். உழவனின் ஊனம் என்றேன், காலில்லாத காலம் என்றேன். எனக்கே புரியாத இடங்களில் குரலை உயர்த்தினேன். தலைவருக்குக் கண் சொருகியது. ஜவுளிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் வெல்ல மண்டிக்காரர் தோள் துண்டை எடுத்து மடியில் விரித்தார், வியர்வைக்கு என்று நினைத்தேன். அப்பா மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தார். பிறகு மெல்ல இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். உழவனின் துயரம் தாங்காமல் ஆட்டுகிறார் என்று எண்ணி, அந்தக் கட்டத்தை இன்னும் நீட்டினேன். கடைசியில் அவர் ஆமாம் என்று ஒருமுறை ஆழமாகத் தலையசைத்தார். பெற்ற தகப்பனையே உருக வைத்துவிட்டோம் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஜவுளிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார். "கடைசியா ஒண்ணு தம்பி. இதுவரைக்கும் படம் ஏதாச்சும் வெலைக்கு வித்திருக்கீங்களா?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒண்ணுகூட இல்லீங்க!"

"அட, இப்பத்தான வித்துச்சு!" என்றார் வெல்ல மண்டிக்காரர் பின்னாலிருந்து.

மாட்டுச் சந்தை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே வாயால் விலை பேச மாட்டார்கள். துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு எழவும் தெரியாது. நான் முழங்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மடியில் கிடந்த அந்தத் துண்டுக்கடியில் என் மாட்டுக்கு விலை நடந்திருக்கிறது.

"அச்சாரம் கை மாறிருச்சா?" என்றார் ஜவுளிக்காரர். அப்பா வாயைத் திறக்காமல் கையைத் திறந்து காட்டினார். உள்ளே நோட்டு.

"அப்பா! திருப்பிக் குடுத்துருங்கப்பா!" என்று கத்தினேன்.

அவர் தன் வாயைச் சுட்டிக்காட்டி, பேசலாமா என்று சைகையில் கேட்டார்.

"ஐயோ, பேசுங்கப்பா!"

"அச்சாரம் வாங்கிப்போட்டுத் திருப்பிக் குடுத்தா, நாளைக்கு எந்தச் சந்தையில சாமி மூஞ்சியக் காட்டறது?"

வெல்ல மண்டிக்காரரும் விடுவதாயில்லை. "எனக்கு அந்த மாடு வேணுமுங்க. நெத்தியில சுழி என்ன அழகா விழுந்திருக்குது பாருங்க" என்றார். (அது சுழியில்லை, தண்ணீர் சொட்டிய இடம்.)

தலைவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "மகமைக் காசு தம்பி. நாங்களா பாத்து விதிய மாத்த முடியாதுங்க." உதவித்தொகை சூரமங்கலம் பெண்ணுக்குப் போயிற்று. அவள் அதற்குத் தகுதியானவள்தான் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது. மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். நெடியால் வந்த கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு நடந்த நல்லது.

திரும்பும் பஸ் நாமக்கல்லைத் தாண்டியது. அப்பாதான் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு காலு கம்மின்னு கழிச்சுக் கேட்டாரு சாமி. நான் உடலயே. நாலு காலு வெலயத்தான் வாங்கியிருக்கறன்." பிறகு, "விக்கப்படாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா..." என்று இழுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

மாடு விற்ற காசு மெட்ராஸ் படிப்புக்குக் காணாது, அதில் கொடிக்காலில் புதுக்கொடி நட்டோம். நான் புக்கிங் ஆபீசில் கொஞ்ச காலம் குப்பை கொட்டி, பரீட்சை எழுதி, டிராயிங் வாத்தியாராகி, என் பீரியடை எல்லாம் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பா இருந்தவரை, "எம் பையன் படத்த மொதல்ல வித்தது நாந்தானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். முதலில் மட்டுமில்லை, கடைசியாக விற்றவரும் அவர்தான். அதற்குப் பிறகு இன்றுவரை என் படம் ஒன்றுகூட விலை போகவில்லை. எங்கள் வீட்டில் இப்போதும் யாரையாவது பேசாதே என்றால், உடனே "தொறக்கல சாமி" என்று துண்டைத் தேடுகிறார்கள்.

போன மாதம் ஒரு பத்திரிகையில் வளரும் ஓவியர்களுக்கு உதவித்தொகை என்று அறிவிப்பு வந்திருந்தது. வயது வரம்பு இல்லை, இதுவரை படம் எதுவும் விற்றிருக்கக் கூடாது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த என் மனைவி, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாத் தகுதியும் உங்களுக்கு இருக்குதுங்க. அந்த மூணு கால் மாடுதான் குறுக்க நிக்குது."