ஐந்து சதவீத வாடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு ஒரு சபதம் எடுத்தேன். எங்கள் காரின் ஏ.சி.யிலிருந்து வரும் பூஞ்சை வாடையை நானே ஒழிப்பேன். மெக்கானிக் வேண்டாம். யாருடைய யோசனையும் வேண்டாம். முக்கியமாக, என் மனைவியின் யோசனை.

என் மூக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சோப்புத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக எனக்குச் சம்பளம் வாங்கித் தருவதே அதுதான். சோப்பை முகர்ந்துவிட்டு, "ரோஜா ரெண்டு சொட்டு தூக்கல்" என்று நான் சொன்னால் அன்றைய கலவை மொத்தமும் நிற்கும். அப்பேர்ப்பட்ட மூக்கு குடியிருக்கும் வீட்டில், ஏ.சி.யைப் போட்டால் ஈரச் சாக்குக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு கார். மானப் பிரச்சினை.

காரைச் சொல்லியும் குற்றமில்லை. நான் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வருகிறவன். கார் வாரத்துக்கு ஆறு நாள் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். உள்ளே ஈரமும் கூடவே தூங்கும்.

முதலில் எலுமிச்சை வாசனை அட்டை தொங்கவிட்டேன். எலுமிச்சையும் பூஞ்சையும் கைகோத்துக்கொண்டு வந்தன. அப்புறம் காபித்தூள். அப்புறம் அடுப்புக்கரி. கடைசியில் சோப்பைச் சீவி ஏ.சி. துவாரத்துக்குள் தூவி, ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். அத்தனை சீவலும் என் முகத்துக்கே திரும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறி இறங்கினால், என் மனைவி துண்டோடு நிற்கிறாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"சரி, அது வேண்டாம். வேற ஒண்ணு சொல்றேன். அந்த விதைப் பரிசோதனைக் கூடத்துல என்னை எடுத்துட்டாங்க. ரெண்டு மாசத்துல வந்து சேரச் சொல்றாங்க."

எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அவள் படித்தது விதைகளைப் பற்றித்தான். பிள்ளை பிறந்ததில் பதினோரு வருஷம் வீட்டோடு போய்விட்டது. இந்த வேலைக்காக எத்தனை விண்ணப்பம் எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

"அது ஊருக்கு வெளிய இல்ல இருக்கு? பஸ் கிடையாதே. எப்படிப் போவே?"

"கார்ல."

"எந்தக் கார்ல?"

"நம்மகிட்ட எத்தனை இருக்கு?"

கண்ணில் சோப்பு எரிந்தது. வயிறும் சேர்ந்து எரிந்தது. அந்தக் காரில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. ஓட்டினால்தானே கீறல் விழும். ஆனால் 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் எனக்கு இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? அதனால் ஒரு தந்திரம் செய்தேன்.

"தாராளமா எடுத்துக்கம்மா. ஆனா இந்த வாடையில நீ தினம் போய் வந்தா உடம்பு என்னாகும்? வாடை பூஜ்யம் ஆகட்டும். அன்னிக்கே சாவி உன் கையில. ஓட்டவும் நானே கத்துத் தர்றேன்."

"பூஜ்யம் ஆயிடுச்சுன்னு யார் சொல்றது?"

"இந்த மூக்கு சொல்லும்."

அவள் என் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் ஆரம்பித்தாள்.

"மெக்கானிக்கைக் கேட்டேங்க. ஈரம்தான் காரணமாம். தினம் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட விடணுமாம். கடைசி பத்து நிமிஷம் ஏ.சி.யை அணைச்சுட்டு வெறும் ஃபேனை மட்டும் ஓட்டினா உள்ள காஞ்சிடுமாம். இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன்."

"நின்ன இடத்துலதானே?"

"பின்ன?"

போய் உட்கார்ந்து முகர்ந்தேன். "ஒண்ணும் குறையல. தொண்ணூத்தெட்டு சதவீதம் அப்படியே இருக்கு."

"ஒரு நாளைக்கு ரெண்டு சதவீதம்தான் குறையும்னு அவரும் சொன்னார். எப்படிங்க இவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

பதினெட்டு வருஷத்தில் முதலாளிகூட இப்படிக் கேட்டதில்லை. அன்று ராத்திரி இரண்டு தட்டு கூடச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து தினமும் இதே வழக்கம். காலையில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் ஏறுவேன். சாயங்காலம் காரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து எண்ணைச் சொல்வேன். எண்பது. எழுபத்தாறு. ஒரு நாள் மழை பெய்தது, இரண்டு ஏறியிருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் காலண்டரில் பக்தியோடு குறித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் வந்தது. "நின்ன இடத்துல இவ்வளவு பெட்ரோலா குடிக்கும்?"

"நின்னுக்கிட்டே இருந்தா போரடிக்கும்ல. அதான் குடிக்குது."

சிரித்துவிட்டேன். சிரித்ததும் கேட்டது மறந்துபோய்விட்டது. பெட்ரோலும் நானே போட்டு வைத்தேன்.

ஐந்து சதவீதம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அதுதான் என் தந்திரம். திங்கள், ஐந்து. செவ்வாய், ஐந்து. அடுத்த வாரமும் ஐந்து. அவள் வேலைக்குச் சேர நான்கு நாள்தான் பாக்கி. முகம் வாடியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை, இருந்தாலும் கீறலை நினைத்துக் கல்லாக இருந்தேன்.

"அஞ்சுலயே நிக்குதுன்னா உள்பெட்டியிலயே பூஞ்சை பிடிச்சிருக்காங்க" என்றாள். "மெக்கானிக் நாளைக்குக் காலையில சாமானோட வர்றார். டாஷ்போர்டை முழுசாக் கழட்டணுமாம்."

"முழுசாவா?"

"ஸ்டியரிங்கோட. திரும்ப மாட்டும்போது நாலஞ்சு ஸ்க்ரூ மிஞ்சுமாம். அது சகஜம்தானாம்."

நான் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். காரில் ஏறி ஒரு மூச்சு இழுத்தேன். அவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"போயிடுச்சு" என்றேன்.

"நேத்து அஞ்சு இருந்ததே?"

"நேத்து இருந்தது. இன்னிக்குப் பூஜ்யம்."

"எனக்காகச் சொல்லாதீங்க. மெக்கானிக் வந்து ஒரு தடவை பிரிச்சே பார்த்துடட்டும்."

"பூஜ்யம்னா பூஜ்யம். என் மூக்கு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

காலண்டரைக் கொண்டுவந்து நீட்டினாள். சோப்புப் பெட்டிக்குப் போடுகிற மாதிரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாவி கை மாறியது. போனால் போகிறது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது நான்தானே, அதை ஒரு வருஷம் இழுக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவள் வாசலில் காரோடு நின்றாள்.

"ஏறுங்க. இன்னிக்கு ஃபாக்டரியில நானே விடறேன்."

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். லைசென்ஸ். புகைப்படத்தில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒன்றரை மாதமாக, நான் பஸ் ஏறிய பத்தாவது நிமிஷம் அவர் இந்தக் காரில் ஏறியிருக்கிறார். மீட்டரைப் பார்த்தேன். எழுநூறு கிலோமீட்டர் கூடியிருந்தது. நான் மூக்கை நம்பிப் பிழைக்கிறவன், கண்ணை அவ்வளவாக உபயோகிப்பதில்லை.

பக்கத்து சீட்டில் ஏறினேன். காலடியில் அவளுடைய துணிப்பை ஒன்று இருந்தது. காலை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டேன். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். நன்றாகவே ஓட்டினாள். என்னைவிட நன்றாக. திருப்பத்தில் லாரிக்கு வழி விட்டுவிட்டு, யாரையும் திட்டாமல் போனாள். முகத்தில் பதினோரு வருஷம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இருந்தாலும் நம் பங்கை விட்டுக்கொடுக்க முடியுமா? மூச்சை நன்றாக இழுத்துவிட்டுச் சொன்னேன்: "ஓட்டறது நீயா இருக்கலாம். ஆனா நாத்தம் துளிக்கூட இல்லைன்னு அடிச்சுச் சொன்னது யாரு?"

"நீங்கதாங்க. ஃபாக்டரிகிட்ட குப்பைத் தொட்டி இருக்கும்ல? இறங்கும்போது அந்தப் பையை மறக்காம எடுத்துட்டுப் போய்ப் போட்டுடுங்க."

"என்ன இருக்கு இதுல?"

"ஏ.சி.யோட பழைய ஃபில்டர். அது மக்கிப்போய்த்தான் அவ்வளவு நாத்தமும். நீங்க தொண்ணூத்தெட்டுன்னு சொன்ன அன்னிக்குக் காலையிலேயே புதுசு மாத்திட்டேன், பத்து நிமிஷ வேலை."

பையை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, பூஞ்சை பூத்து, இலைச் சருகோடு இருந்தது. வீட்டு வாசலிலிருந்து இதுவரை, பையின் வாய் திறந்தபடி, என் மூக்குக்கு நேர் கீழே இருந்திருக்கிறது.