சோபா ஏறாத வண்டி

புது பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்று இன்ஜின் சூடுகூட ஆறவில்லை. அதற்குள் கண்ணாடியாரின் மனைவி அளவு நாடாவோடு அதன் பின்பக்கம் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

கண்ணாடியார் பிடித்தார். பிடித்த பிறகுதான் எதற்காகப் பிடிக்கிறோம் என்று யோசித்தார்.

"மூணு பேர் உக்கார்ற சோபா படுத்த வாக்குல போகும். நிமித்தி வெச்சா ரெண்டு போகும்."

"இது சோபா ஏத்தற வண்டி இல்லம்மா."

"பின்ன?"

"மலை ஏறுற வண்டி."

"நீங்க மலை ஏறின காலமெல்லாம் மலையேறிப் போச்சு. முனையை விடாதீங்க, அகலம் பாக்கணும்."

கண்ணாடியார் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பார்வை சோதித்து, பவர் சொல்லி, பிரேம் மாட்டி அனுப்புவார். வாடிக்கையாளர்கள் அவரைக் கண்ணாடியார் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த மரியாதை வீட்டுத் தெருவில் செல்லுபடியாகாது. அங்கே பேர் வாங்கியவர் மனைவி. நைந்துபோன சோபாவை எலும்பு தெரிய உரித்து, புது ஸ்பாஞ்சு வைத்து, துணி போர்த்தி, வாங்கிய அன்று இருந்ததைவிட அழகாகத் திருப்பித் தருவார். தெரு அவரைச் சோபாக்காரம்மா என்றது. கண்ணாடியாரைச் சோபாக்காரம்மா வீட்டுக்காரர் என்றது.

வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை இருந்தது. வாடகை வேன் வரும். அதன் டிரைவர் இடுப்பு வலிக்காரர். ஸ்டியரிங்கை விட்டு இறங்கமாட்டார். மாடிப்படியில் சோபா இறங்கும்போது மேல்முனை வாடிக்கையாளர் கையில் இருக்கும். கீழ்முனை கண்ணாடியார் கையில் இருக்கும். மனைவி வாயால் இறக்குவார்.

"கொஞ்சம் இடது பக்கமா வாங்க. உங்க இடது இல்லீங்க, சோபாவோட இடது."

சோபாவுக்கு எது இடது என்பது இத்தனை வருஷத்தில் கண்ணாடியாருக்குப் பிடிபடவில்லை. நிறுத்திக் கேட்கவும் முடியாது. கேட்கவேண்டிய நேரத்தில் சோபா நெஞ்சின்மேல் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் பிக்கப் வண்டி வாங்கியது எப்படி என்று கேட்கலாம். விற்பனைக்கூடத்தில் அவர் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். முரட்டு மூக்கு, அகன்ற சக்கரம், சிங்கம் உட்கார்ந்திருப்பது போன்ற தோரணை. மனைவி பின்பக்கத்தை மட்டும் பார்த்தார். அதனால்தான் கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக இருவருக்கும் ஒரே பொருள் பிடித்துப்போனது. கண்ணாடியார் அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டார்.

அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு மனைவி உள்ளே போனதும் கண்ணாடியார் வண்டியைச் சுற்றி வந்தார். மாட்டேன் என்று சொல்லிப் பயனில்லை. அவர் சொன்ன மாட்டேன்கள் எல்லாம் வீட்டில் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. மாட்டேன் என்று அவர் சொல்லக்கூடாது, வண்டி சொல்லவேண்டும். சோபா ஏற முடியாத மாதிரி வண்டியையே மாற்றிவிட்டால் அவர்மேல் என்ன தப்பு? எல்லாரும் வண்டி வாங்கியதும் நாலு சாமான் கூடுதலாகப் போடத்தானே செய்கிறார்கள்.

மறுநாளே கார் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரரை ஊரே போல்ட்டு என்றுதான் கூப்பிட்டது. எப்போதும் சட்டைப்பையில் நாலு போல்ட்டு கிடக்கும். நடந்தால் கிணிகிணி என்று சத்தம் வரும். போல்ட்டு அவரை ஒரு பழைய சோபாவில் உட்காரவைத்தார். உட்கார்ந்த இடத்தில் ஸ்பிரிங் ஒன்று கண்ணாடியாரை நலம் விசாரித்தது.

"சொல்லுங்க சார். என்ன போடலாம்?"

"பின்பக்கத்துக்கு ஒரு மூடி வேணும். இரும்பு மூடி. தட்டையா, பூட்டோட."

"தட்டை மூடி போட்டா உயரமான சாமான் எதுவும் வைக்க முடியாது சார்."

"ஒரு ஸ்டூல்கூட?"

"ஸ்டூலைப் படுக்க வெச்சாக்கூட இடிக்கும்."

"அதையே போடுங்க. அப்புறம் வண்டியோட உயரத்தைத் தூக்கணும்."

"தூக்கலாம். ஆனா பின்கதவு நெஞ்சு உயரத்துக்குப் போயிடும். சாமான் ஏத்தறது கஷ்டம்."

"எவ்வளவு கஷ்டம்?"

"ரொம்ப கஷ்டம் சார்."

"நல்லது. இன்னும் ஏதாவது இடைஞ்சலா இருக்கா?"

போல்ட்டு தொழிலுக்கு வந்து இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னார்: "பின்னாடி குறுக்கால ஒரு கம்பி மாட்டலாம். பாக்க வீரமா இருக்கும். பாதி இடத்தை அடைச்சுக்கும்."

"போடுங்க."

"சார், தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் குறை சொல்ற அயிட்டமா பாத்துக் கேக்கறீங்களே."

கண்ணாடியார் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, விஷயத்தைச் சொன்னார். சோபா ஏறக்கூடாது. ஆனால் ஏறக்கூடாது என்று யாரும் சொன்ன மாதிரியும் இருக்கக்கூடாது. போல்ட்டு கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு, "எனக்கும் வீடு இருக்கு சார்," என்றார். இரண்டு ஆண்கள் இதற்குமேல் மனம்விட்டுப் பேச முடியாது.

அன்று மாலை மனைவி தையல் மெஷினில் ஒரு நாற்காலி உறையை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியார் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சாமானாகச் சொன்னார். வழியெல்லாம் பதில்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"மூடி எதுக்குங்க?"

"மழைக்கு."

"நல்லது. உயரம்?"

"பள்ளம் மேட்டுல அடி தட்டக்கூடாதில்ல."

"நல்லது. குறுக்குக் கம்பி?"

"உருண்டா பாதுகாப்பு."

"யாரு உருண்டா?"

"வண்டி."

"உருட்டாம ஓட்ட முடியாதா?"

"அதையும் மீறி உருண்டா."

"சரி, போடுங்க."

அவ்வளவுதான். கண்ணாடியாரிடம் இன்னும் ஏழெட்டு பதில்கள் மீதமிருந்தன. கேள்வி இல்லாமல் அவை வாயிலேயே ஆறிப்போயின. ஜெயித்தவருக்கு வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை. 

"கடைக்காரர் எப்படி? நல்ல மாதிரியா?" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"தங்கமான மனுஷன். உக்கார வெச்சுத்தான் பேசினார்."

"எதுல உக்கார வெச்சார்?"

"சோபாலதான்."

"எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கற, ஒரே கிழிசல். ஸ்பிரிங் வெளிய வந்து குத்துது."

"அப்படியா," என்றார் சோபாக்காரம்மா. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வண்டி போல்ட்டு கடையில் ஒரு வாரம் கிடந்தது. கண்ணாடியார் தன் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பார்வை சோதித்தார். சின்ன எழுத்து தெரிகிறதா, இன்னும் சின்ன எழுத்து தெரிகிறதா என்று எல்லாரையும் கேட்டார். வீட்டில் மனைவி மத்தியான வேளைகளில் வெளியே போய்வருவதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னபோது, துணி எடுக்கப் போயிருப்பாள் என்றார்.

வண்டியை எடுக்கப் போன அன்று, கடையில் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"சோபா எங்க?"

"துணி மாத்தக் குடுத்திருக்கேன் சார்," என்றார் போல்ட்டு.

"எங்க குடுத்தீங்க?"

போல்ட்டு அங்கே நின்ற வேறு ஒரு காரின் பம்பரைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கண்ணாடியார் எழுந்து கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்துக்குப் போனார். அவருடைய வண்டியின் முன்பக்கம் அதே முரட்டு மூக்கோடு நின்றது. பின்பக்கத்தில் ஒரு அறை முளைத்திருந்தது. ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். இரட்டைக் கதவு. அதற்குக் கீழே ஒரு தடித்த இரும்புப் பலகை மடங்கிக் கிடந்தது.

"நான் மூடி கேட்டேன்."

"மூடிதான் சார். கொஞ்சம் உயரமான மூடி."

"வண்டியைத் தூக்கச் சொன்னேன்."

"வண்டியைத் தூக்கல சார். வண்டி தூக்கும்." போல்ட்டு ஒரு பொத்தானை அமுக்கினார். இரும்புப் பலகை முனகிக்கொண்டே விரிந்து தரையில் இறங்கியது. அதன்மேல் ஒரு லாரி டயரை உருட்டி வைத்து மறுபடி அமுக்கினார். டயர் ராஜா மாதிரி மேலே போனது.

"குறுக்குக் கம்பி?"

"உள்ள இருக்கு சார். கயிறு போட்டுக் கட்ட வசதியா."

"எதைக் கட்ட?"

போல்ட்டு தலையைச் சொறிந்தார்.

"அக்கா வந்தாங்க சார்."

"வந்து என்ன சொன்னாங்க?"

"முதல்ல ஒண்ணும் சொல்லல. சோபாவைத் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க. அப்புறம் வீட்டுக்காரர் என்னென்ன போடச் சொன்னார், எதுக்குப் போடச் சொன்னார்னு கேட்டாங்க. நான் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னேன் சார். ரெண்டாவதை அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க."

"சோபா ஏறக்கூடாதுன்னு அவ்வளவு தூரம் சொன்னேனே."

"ஏறாது சார்," என்றார் போல்ட்டு ஆறுதலாக. "இதுவே ஏத்திவிட்டுடும்."

கண்ணாடியார் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். மனைவி வாசலுக்கு வந்து பார்த்தார். எதற்காக, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மழை, பள்ளம், உருளறது எல்லாத்துக்கும் ஆச்சு," என்று மட்டும் சொன்னார். கண்ணாடியார் ஷூவைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்துத் தெருவுக்குப் போகவேண்டிய மூன்று பேர் சோபா ஒன்று புதுத் துணியில் மினுங்கிக்கொண்டு தயாராக இருந்தது. சோபாக்காரம்மா அதன் கால்களுக்குக் கீழே சின்னச் சக்கரப் பலகையைத் தள்ளி, ஒற்றை ஆளாக உருட்டிக்கொண்டு வந்து இரும்புப் பலகையில் நிறுத்தினார். பொத்தானை அமுக்கினார். சோபா யார் நெஞ்சிலும் படாமல் மேலே போனது. பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியாருக்கு மெல்ல மெல்ல ஒரு விஷயம் விளங்கியது. வண்டியை எடுத்த நாளிலிருந்து அவர் வருத்தப்பட்டதே வீண்.

"அப்ப இனிமே தூக்க ஆள் வேண்டாம்," என்றார்.

"வேண்டாம்."

"அந்த வீட்டுல மாடிப்படி?"

"இனிமே கீழ் வீட்டு வேலை மட்டும்தான் எடுக்கறதா இருக்கேன்."

"அப்ப நான் வரவேண்டாம்."

"வேண்டாங்க. இத்தனை வருஷம் தூக்கினது போதும். முதுகு என்னத்துக்கு ஆகும்."

 இப்படிப்பட்டவளுக்கு எதிராகவா கடையில் உட்கார்ந்து சதி செய்தோம் என்று கண்ணாடியார் குன்றிப்போனார். இறக்கிவிட்டு வந்ததும் இருவருமாக எங்காவது தூரமாகப் போய்வரலாம் என்று சொல்லவும் நினைத்தார். "இரு, நான் ஓட்டிட்டு வரேன்," என்று சாவிக்குக் கை நீட்டினார்.

சாவி மனைவியின் கையில் இருந்தது. அங்கேயே இருந்தது.

"நானே ஓட்டிக்கறேங்க. லைசென்ஸ் வாங்கி அலமாரியில தூங்கிட்டிருந்துச்சு. ஒரு வாரம் அந்தக் கார் சாமான் கடை முற்றத்துல பழகினேன். பின்னாடி எடுக்கறதுதான் கொஞ்சம் தடுமாறிச்சு, இப்ப சரியாயிடுச்சு."

"நான்?"

"நீங்க ஓய்வா இருங்க. அந்தக் கடைக்காரர் சோபா பின்கட்டுல கிடக்கு. பழைய துணியை மட்டும் உரிச்சு, பின்னெல்லாம் பிடுங்கி வெச்சிடுங்க. உக்காந்துட்டே செய்யற வேலைதான்."

வண்டி நிதானமாகப் பின்னால் வந்து, சுவரில் உரசாமல் திரும்பி, தெருவில் இறங்கிப் போனது.

கண்ணாடியார் போல்ட்டின் சோபாவை வெளிச்சத்துக்காக வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். குறடு எடுத்து, பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். பின்கள் ஏராளம். பாதி சோபா உரிந்தபோது எதிர்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்ன சார், புது வண்டி எடுத்திருக்கீங்க போல. எப்படி ஓடுது?"

கண்ணாடியார் வளைந்த பின் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா ஓடுதாம்."