அண்டா ஜெயித்த சண்டையும் ஆண்டவர் எடுத்த விடுப்பும்

அடக்கத்துக்கு ஒரு சிலை வைப்பதென்றால் ஊர் ஊராக ஆள் தேடவேண்டாம். எங்கள் தளபதியை நிற்கவைத்துச் செதுக்கிவிடலாம். குதிரையோடு. அவருக்குச் செயலாளனாக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வெற்றி என்றால் அது ஆண்டவருடையது என்று எபிரேய வேதத்தில் அவர் படித்திருந்தார். ஆள் அதிகமிருந்தால் 'எங்கள் கையால் ஜெயித்தோம்' என்று பீற்றிக்கொள்வார்கள் என்பதற்காக ஆண்டவர் படையையே முந்நூறு பேராகக் குறைத்த கதையைப் படித்த அன்று கண் கலங்கிவிட்டார். உடனே எங்கள் காலைச் சாப்பாட்டைக் குறைத்தார்.

குன்றுச் சண்டை நடந்த விதம் இதுதான். விடிந்தும் விடியாத நேரத்தில், குன்றின் மேல் எங்கள் முகாமில் சமையல்காரர் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கும்போது கை நழுவிவிட்டது. அண்டா, மூடி, கரண்டி, தட்டு எல்லாம் கடகடவென்று கீழே உருண்டன. அடிவாரத்தில் இருந்த எதிரி, பீரங்கி வண்டிகள் வருவதாக நினைத்துப் போட்டது போட்டபடி ஓடிவிட்டான். எங்கள் வீரர்கள் தூக்கம் கலைந்து, "ஐயோ, சாப்பாடு போச்சே!" என்று கதறினார்கள். இதை நான் 'போர் முழக்கம்' என்று பதிவு செய்தேன்.

சமையல்காரர் தளபதியின் கூடாரத்துக்கு வந்து நின்றார்.

"ஐயா, பொண்ணு பிறந்து மூணு மாசமாச்சு. இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கல. ஜெயிச்சுக் குடுத்தா லீவு உண்டுன்னு சொன்னீங்களே..."

"யாருய்யா ஜெயிச்சது?"

"அண்டாதாங்க ஐயா. ஆனா கை நழுவ விட்டது நானு."

"தப்பு! வேதத்துல பாரு, அந்தக் காலத்துல எக்காளம் ஊதுனாங்க, எதிரி பட்டணத்து மதில் தானா விழுந்துச்சு. ஊதுனவன் லீவு கேட்டானா? வெற்றி ஆண்டவரோடது. அப்போ லீவும் அவருக்குத்தான்."

அப்படியே ஆணை பிறந்தது. ஆண்டவருக்குப் பத்து நாள் விடுப்பு, சம்பளத்தோடு. அவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளாததால், அவர் சார்பில் தளபதியே கடற்கரைக்குப் புறப்பட்டுப் போனார். என்ன தியாகம்! சமையல்காரர் வெங்காயம் இல்லாமலே அழுதுகொண்டிருந்தார்.

தளபதி இல்லாத சமயம் பார்த்து எதிரி திரும்பி வந்து குன்றைப் பிடித்துக்கொண்டான்; நாங்கள் மூட்டைமுடிச்சோடு இறங்கி வேறிடத்தில் முகாம் போட்டோம். கடற்கரை வெயிலில் மூக்கில் தோல் உரிந்து திரும்பிய தளபதியிடம் பேனாவோடு போனேன்.

"தோல்வியும் ஆண்டவரோடதுன்னு எழுதிடலாமா ஐயா?"

"வாயைக் கழுவுய்யா! தோத்தா, முகாமுக்குள்ள எவனோ பாவம் பண்ணியிருக்கான்னு அர்த்தம். அதுவும் அதே வேதத்துலதான் இருக்கு. தேடு அவனை!"

தேடினோம். சமையல்காரரின் தலையணைக்கடியில் ஒரு கிலுகிலுப்பை இருந்தது. எதிரி விட்டுப்போன சாமான்களிலிருந்து மகளுக்காக எடுத்து வைத்தாராம். தளபதி அதை வாங்கி ஆட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது. குற்றம் நிரூபணமாயிற்று.

"அந்தக் காலமா இருந்தா, எதிரி சாமான்ல கை வெச்சதுக்கு உன்னைக் கல்லால அடிச்சிருப்பாங்க. எனக்கு இளகின மனசு. இப்பவே வேலையை விட்டு வீட்டுக்குப் போய்த் தொலை!"

சமையல்காரருக்கு வாயெல்லாம் பல். கிலுகிலுப்பையைப் பிடுங்கிக்கொண்டு, "சத்தியமா ஐயா, இந்தத் தோல்வி முழுக்க முழுக்க என்னோடதுதான். ஆண்டவருக்கு இதுல பங்கே கிடையாது!" என்று சொல்லி, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினார்.

நான் பணிவோடு எழுதி முடித்தேன்: வெற்றி ஆண்டவருடையது, தோல்வி சமையல்காரருடையது. எங்கள் தளபதி தனக்கென்று எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை, பதக்கத்தைத் தவிர.