பாத்திரம் கழுவினால் பேட்டரி நிற்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யிருந்தால், அடுத்த தும்மலில் என் பல்செட் பறந்துபோய் எதிர்வீட்டுக்காரர் மடியில் விழட்டும். இட்டுக்கட்டுகிற ஆள் நானில்லை. நடந்ததை நடந்தபடி சொல்வேன். நடக்காததைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன்.

மின்விசிறித் தொழிற்சாலையில் ஒரு பரிசோதகர். ஓடாத விசிறியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தால் போதும், அவர் கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பயந்து அது ஓட ஆரம்பித்துவிடும். அவருக்கு இரண்டே விதிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடிக்காமல் மூடியைத் திறக்காதே. தொழிற்சாலையில் இதனால் அவருக்கு நல்ல பெயர். வீட்டில்? காப்பியில் இனிப்பு குறைந்தால் முதலில் டம்ளரை மாற்றுவார், அப்புறம் நாற்காலியை மாற்றுவார். சர்க்கரை டப்பா பக்கம் வருவதற்குள் காப்பி ஆறிவிடும்.

அவருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கை புருஷன். இரண்டு பேருக்கும் இடையில் பாம்புக்கும் கீரிக்கும் உள்ள பாசம். இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி கையடக்க வீடியோ கேம் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரே சோபாவில் உட்கார்ந்து அதில் கார் பந்தயம். தலை நரைத்த இரண்டு மருமகன்கள் வாயால் 'டுர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு, கார் திரும்புகிற பக்கமெல்லாம் தாங்களும் சாய்கிற அழகுக்கு டிக்கெட்டே வைக்கலாம்.

கொஞ்ச நாளாகப் பரிசோதகருக்குச் சனி பிடித்தது. கேமில் சார்ஜ் முழுசாக ஏறியிருக்கும். கார் கடைசி வளைவில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். பொசுக்கென்று திரை கறுத்துவிடும்.

"பேட்டரி போயிடுச்சு!"

"ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க, சகலை."

"புது பேட்டரிங்க! நீங்களும் நானும் சேர்ந்துதானே வாங்கிப் போட்டோம்?"

"ஆமா. என்னுதுல சார்ஜ் நிக்குது. உங்களுது ஏன் படுக்குது? ஓட்டுற கை அப்படி!"

பேச்சு முற்றியது. மாதக் கடைசி ஞாயிறன்று மாமனார் சாப்பிட வருகிறார். அவர் வருவதற்குள் ஒரே ஒரு பந்தயம். தோற்றவர் மாமனார் முன்னால் எழுந்து நின்று, 'உங்க ரெண்டு மருமகன்ல கெட்டிக்காரர் சகலைதான்' என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மூத்த மருமகன் அல்லவா நம் ஆள்! கல்யாணத்திலிருந்து கட்டிக்காத்த கௌரவம், ஒரு தீப்பெட்டி அளவு பேட்டரியிடம் மாட்டிக்கொண்டது.

ஆராய்ச்சி ஆரம்பித்தது. திரை வெளிச்சத்தைக் குறைத்தார். கார் எது, மரம் எது என்று தெரியாமல் ஓட்டினார். பேட்டரி நிற்கவில்லை. சத்தத்தை அணைத்தார். நிற்கவில்லை. அதிர்வை அணைத்தார், சார்ஜர் ஒயரை மாற்றினார், விசிறிக்கு அடியில் வைத்து விளையாடினார். ம்ஹூம்.

"என்னங்க, அந்த டப்பாவோட மூடியைக் கழட்டிப் பாத்தா என்ன?" என்றாள் மனைவி.

"மூடியா? வெளிப் பரிசோதனை முடியாம மூடியா? உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுங்க" என்று ஒத்துக்கொண்டாள் அந்த அம்மாள். எவ்வளவு அடக்கம் பாருங்கள். "எனக்கு இன்னிக்கு இடுப்பு வலி. டப்பாவை அப்புறம் பரிசோதிக்கலாம், இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் கழுவிக் குடுத்துடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். அன்று பாருங்கள், பேட்டரி நின்றது! சாயங்காலம் வரை நின்றது. ஓட்டி ஓட்டி அவர் விரல்தான் செத்தது, கேம் சாகவில்லை.

மறுநாள் பாத்திரம் கழுவவில்லை. கேம் படுத்துவிட்டது. அதற்கடுத்த நாள் கழுவினார். நின்றது!

வேறு யாராவது என்றால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். நம் ஆள் விஞ்ஞானி. சமையலறை வாசலில் நின்று அறிவித்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன். பாத்திரம் கழுவுனா கை குளிருது. குளிர்ந்த கையில பிடிச்சா டப்பா சூடாகாது. சூடாகலைன்னா பேட்டரி நிக்கும்!"

"அடேங்கப்பா! இந்த மூளையை வெச்சுக்கிட்டா விசிறியைச் சுத்தி விட்டுக்கிட்டு இருக்கீங்க?"

ஆனால் விதி விதிதானே. குளிர்ச்சி மட்டும் போதுமா என்று பார்க்க, ஒரு நாள் சும்மா வாளித் தண்ணீரில் கையை ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேம் படுத்தது. மறுநாள் வாளியில் சோப்பைக் கரைத்து ஊறினார். படுத்தது.

"எதுக்கும் பாத்திரத்தோட சேர்த்து ஊறிப் பாருங்களேன்" என்றாள் மனைவி, முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

ஊறினார், தேய்த்தார், கழுவினார், கவிழ்த்தார். நின்றது!

"தேய்க்கணும்! தேய்க்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்!" என்று குதித்தார் மனிதர். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தேய்த்த தேய்ப்பில் ஒரு கரண்டி பாதியாக இளைத்துப்போனது. பல்செட் மேல் ஆணை!

பந்தய ஞாயிறு வந்தது. விடிந்ததும் பாத்திரத்தையெல்லாம் கழுவினார். கழுவியதையும் எடுத்து இன்னொரு தரம் கழுவினார். குளித்துவிட்டு வந்து, சார்ஜ் ஏறியிருந்த கேமை எடுத்து ஒரு சுற்று ஒத்திகை ஓட்டினார். முதல் வளைவிலேயே திரை கறுத்தது.

பரிசோதகருக்குக் கண்ணும் கறுத்தது.

"பாத்திரம் கழுவினேனே! எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்!"

வெளிப் பரிசோதனை அத்தனையும் முடிந்துவிட்டது. இனி மூடிதான். நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே பேட்டரி. அதன் மேல் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவர் கையெழுத்தேதான்: 'செத்தது. தூக்கி எறியவும்.'

புது பேட்டரி போட்டபோது கழற்றிய பழசு அது. எறியச் சொல்லி மனைவியிடம் கொடுத்தவரும் அவரே.

"இங்க வா!"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேட்டரியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"மூடியைத் திறந்துட்டீங்களா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"நான் குளிக்கப் போற நேரத்துல மாத்தி மாத்திப் போட்டது நீதானா?"

"பாத்திரம் கழுவுற நாள் புதுசு. கழுவாத நாள் பழசு. நியாயமாத்தாங்க போட்டேன்."

"இன்னிக்குக் கழுவினேனே!"

"இன்னிக்கு எங்கப்பா வர்றாரு. பாத்திரம் மட்டும் போதுமா? கூடத்துல ஒட்டடை தொங்குது பாருங்க."

"புது பேட்டரி எங்கே? குடு!"

"பத்திரமா இருக்கு."

"இது மிரட்டல்!"

"சேச்சே, பரிசோதனைங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். முதல்ல ஒட்டடை, அப்புறம் பேட்டரி." துடைப்பத்தை அவர் கையில் வைத்தாள். "உண்மை தெரிஞ்சவர் நீங்க. யோசிச்சு முடிவு பண்ணுங்க. தங்கச்சி வீட்ல கிளம்பிட்டாங்களாம்."

யோசித்தார். உண்மை கையில் இருந்தது. பேட்டரி இல்லை. முக்காலியைப் போட்டு ஏறினார்.

பாதி கூடம் முடிவதற்குள் அழைப்பு மணி அடித்தது. தங்கைக்காரி சிரித்துக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே அக்காவும் அவளும் குசுகுசுவென்று பேசி, கையில் கை தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சகலை பின்னால் வந்தார். முழங்கை வரை சட்டை நனைந்திருந்தது. விரல்கள் எல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தன. தலைமுடியில் நூலாம்படை தொங்க முக்காலி மேல் நிற்கும் பரிசோதகரை ஏற இறங்கப் பார்த்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிட்டே வந்து, தொழில் ரகசியம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"குளியலறை கழுவுனா எனக்கு மத்தியானம் வரைக்கும் நிக்குது, சகலை. ஒட்டடை அடிச்சா எவ்வளவு நேரம் நிக்கும்?"

பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்கிறீர்களா? அக்காவும் தங்கையும்தான்.

பரிசோதகர் அன்று சகலையிடம் உண்மையைச் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. சகலை இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக, என் வீட்டம்மாள் காதில் மட்டும் விழவே வேண்டாம். என் காது கேட்கும் கருவிக்கும் பேட்டரிதான்.