புலியின் காருக்கு நான்கு டயர்

ஒரு காட்டில் ஒரு சத்தம் வாழ்ந்து வந்தது.

புலியின் டீசல் ஜீப் போடும் சத்தம் அது. சைலன்சரில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மூன்றாவது மலை வளைவில் ஏறும்போதே, சளி கட்டிய கிழவர் மாடிப்படி ஏறுவது போல இருமும், இரைக்கும், ஒரு கணம் நிற்கும், பிறகு தடதடவென்று இறங்கும். அது காதில் விழுந்ததும் மான்கள் வாயிலிருந்த புல்லை மென்றபடியே நகர்ந்து போகும். முயல்கள் வளைக்குள் இறங்கும். குரங்குகள் இரண்டு கிளை மேலே போய் உட்காரும். யாரும் பதறியதில்லை. அந்த நாளில் சாவு வருமுன் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வந்தது.

பிறகு புலி மின்சாரக் கார் வாங்கியது. காட்டின் காற்று கெட்டுப்போகிறதே என்று அதற்கு ஒரே கவலை. அந்தக் கவலையைப் பாராட்டி ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் நடந்தது. முந்தின வாரம்தான் வீட்டில் ஒருவரைப் புலிக்குக் கொடுத்திருந்த காட்டுப்பன்றி வரவேற்புரை சொன்னது.

இன்ஜின் சத்தம் போய்விட்டது. டயர் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. சரளைக்கல் ரோட்டில் அந்த டயர்கள், வாயை மூடிக்கொண்டு யாரோ ராகம் இழுப்பது போல மெல்ல முனகிக்கொண்டு வரும். அதைக் கேட்கத் தனிக் காது வேண்டும். காட்டில் அப்படி ஒரு காது குஞ்சிதத்துக்கு மட்டும் இருந்தது.

குஞ்சிதம் முயல். காட்டு முனையில் டீக்கடை வைத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வருஷக்கணக்காயிற்று. தம்ளரில் டீ ஊற்றும்போது சத்தம் மேலேறுவதை வைத்தே கையை நிறுத்துவாள். ஒரு சொட்டு சிந்தாது. ரோட்டில் வருவது யாருடைய வண்டி, எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைச்சல் என்பது வரைக்கும் சொல்லுவாள். "அவர் வர்றார்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் இருந்த வளைக்குள் அவள் இறங்கினால், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டு ஓடுவார்கள். பாதிக் காடு அப்படித்தான் உயிரோடு இருந்தது.

பக்கத்தில் டயர் கடை. நடத்தியவள் பரிபூரணம் என்ற முள்ளம்பன்றி. டயர் கடைக்காரி உடம்பெல்லாம் முள்ளோடு நின்றால் எந்த வாடிக்கையாளருக்குத்தான் மனசு நிம்மதியாக இருக்கும்? அவளே ராத்திரியில் ரோட்டில் முள்ளைப் போட்டுவிட்டு வருகிறாள் என்றுகூடப் பேசினார்கள். அதனால் தலையிலிருந்து வால் வரைக்கும் சணல் சாக்கைச் சுற்றி, நடுவில் கயிறு கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். கோடையில் உள்ளே புழுங்கிச் செத்துப்போவாள். அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது புலி ஒன்றுதான். இளவயதில் அவளை முகர்ந்து பார்த்த நினைவு அதன் மூக்கில் இன்னும் தழும்பாக இருந்தது.

"உன் முள்ளுல பாதி எனக்கு இருந்தா, நான் எதுக்குடி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கப்போறேன்?" என்பாள் குஞ்சிதம்.

"உன் காதுல பாதி எனக்கு இருந்தா, ஊர் என்னைப் பத்திப் பேசறதெல்லாம் கேட்டுத் தொலையுமே" என்பாள் பரிபூரணம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை புலி டயர் மாற்ற வந்தது. குஞ்சிதம் அதற்கு முன்பே வளைக்குள் இறங்கியிருந்தாள்.

"ஒன்பது மாசம்தான் ஆச்சு பரிபூரணம், நாலும் மொட்டையாயிடுச்சு. பழைய ஜீப்புக்கு நாலு வருஷம் ஓடும்."

"இது பேட்டரி வண்டி இல்லையா ஐயா, கனம் ஜாஸ்தி. கால் வெச்ச உடனே பாயுது. நீங்களும் பாயற மாதிரியே மிதிக்கிறீங்க."

"பழக்கம்" என்று புலி அடக்கமாகச் சிரித்தது. பிறகு ஒரு காகிதத்தை எடுத்தது. எந்த டயர் வாங்குவது என்று குரங்குகள் போட்டிருந்த பதினோரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. ஒரு குரங்கு அகலம்தான் முக்கியம் என்றது. இன்னொரு குரங்கு அகலம் பேசும் குரங்கை நம்பாதே என்றது. "எவ்வளவு பாரம் தாங்கும், ஈரத்துல பிடிக்குமா, சார்ஜ் எவ்வளவு குடிக்கும்... தலை சுத்துது. ஒரு மந்தையில எந்த மானுன்னு முடிவு பண்றது இதைவிட லேசு."

"ஐயாவுக்கு முக்கியமா என்ன வேணும்?"

புலி குரலைத் தாழ்த்தியது. "சத்தம் இருக்கக்கூடாது. களப்பணிக்கு எங்க போனாலும் நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாரும் கிளம்பிடறாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உள்பக்கம் நுரை ஒட்டின டயர்னு ஒண்ணு வந்திருக்காமே. வர்றதே தெரியாதாம். இருக்கா?"

இருந்தது. கடையின் பின்னால், சாக்குக் குவியலுக்கு அடியில், நான்கு. பக்கத்துக் கடையில் டீ ஊற்றும் சத்தம் இல்லை. பெஞ்சுக்கு அடியில் இரண்டு காதுகள் நிமிர்ந்து நிற்பது பரிபூரணத்துக்குத் தெரியும்.

"இருக்கு ஐயா. ஆனா அது குளிர் தேசத்து டயர். நம்ம வெயிலுக்கு நுரை ஊதிக்கும். சார்ஜ் கடகடன்னு இறங்கிடும்."

"இறங்கும்னா?"

"வீடு வந்து சேர மாட்டீங்க."

புலியின் மீசை தொங்கிவிட்டது. ஒருமுறை சார்ஜ் இரண்டு சதவீதத்துக்கு இறங்கி வண்டி நடுக்காட்டில் நின்றுபோய், அது நடந்து வீடு திரும்பியதைக் குரங்குகள் படம் பிடித்துப் போட்டிருந்தன. காடே பார்த்தது.

பரிபூரணம் வேறு நான்கு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். மரம் ஏற்றும் வண்டிகளுக்கு வருகிற வகை. ரோட்டைக் கவ்வும் ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் அவள் பாதத்தைவிடப் பெரிசு. "தடிமனைப் பாருங்க. இதைப் போட்டா ஒரே சார்ஜுல முப்பது கிலோமீட்டர் கூட ஓடும்." தடிமனைத் தவிர அதில் ஒன்றும் உண்மை இல்லை.

"சத்தம்?"

"புதுசுல கொஞ்சம் இருக்கும். போகப்போகப் பழகிடும், ஐயா."

யாருக்குப் பழகும் என்று அவள் சொல்லவில்லை.

அந்த டயர்களோடு புலி புறப்பட்டபோது, தகர டப்பாவுக்குள் ஆயிரம் வண்டுகளை அடைத்துக் குலுக்கியது போலக் காடு அதிர்ந்தது. பிறந்து மூன்று நாளான மான் குட்டிக்குக்கூடப் புலி எங்கே வருகிறது என்று தெரிந்தது. நான்கு மாதம் அந்தக் காட்டில் யாரையும் யாரும் தின்னவில்லை. புலி அணைக்கட்டு மீனைத் தின்று மெலிந்தது. மெலிந்ததைப் பார்த்தவர்கள், அது மனம் திருந்திவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். குஞ்சிதம் ஏழு வருஷத்தில் முதல்முறையாக மத்தியானம் கண்ணை மூடித் தூங்கினாள்.

உயிர் பயம் போனவர்களுக்கு உடனே வேறு குறைகள் வந்துவிடும். புல்வெளி நகரில் புள்ளிமான்களின் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் சபாரத்தினம், உப்பு நக்கும் இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மான். அவர் ஒரு மனுவோடு டயர் கடைக்கு வந்தார். மூன்று பிரதிகள். கீழே இருநூற்றுப் பன்னிரண்டு குளம்புத் தடங்கள்.

"ஒலி மாசு குறித்து, அம்மா. பிள்ளைங்களுக்குப் பரீட்சை நேரம். வயசானவங்க ஒரு நிமிஷம் கண் அசர முடியல. அவர் ரொம்ப நல்லவர், சொன்னாக் கேட்பார். வியாபாரிகள் சார்புல நீங்க ஒரு தடம் வெச்சீங்கன்னா மனுவுக்கு ஒரு கனம் இருக்கும்."

"அந்தச் சத்தம் இருக்கறதாலதான் நீங்க மனு எழுத உயிரோட இருக்கீங்க."

சபாரத்தினம் பரிதாபமாகச் சிரித்தார். "எப்பவும் பழசையே பேசிக்கிட்டு இருந்தா எப்படிம்மா? நாலு மாசமா ஒரு புகார் உண்டா? அவர் மாறிட்டார்."

பக்கத்துக் கடையிலிருந்து குஞ்சிதம் குரல் கொடுத்தாள். "அவர் எங்க மாறினார்? டயர்தான் மாறிச்சு."

"கண்ணு தெரியாதவங்க மாற்றத்தைப் பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டு, சபாரத்தினம் காகிதங்களை ஓரம் பிசகாமல் மடித்தார்.

புலி மூன்று பிரதிகளையும் வரி விடாமல் படித்தது. கண் கலங்கியிருந்ததாக நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். "நீங்களே கேக்கறீங்க. நான் மாட்டேன்னு சொல்லுவேனா?"

அடுத்த திங்கட்கிழமை சங்கத்து ஆட்கள் முன்னால் நடக்க, புலியின் கார் பின்னால் வர, ஊர்வலமாக டயர் கடைக்கு வந்தார்கள். நுரை டயர் இருப்பில் இல்லை என்றாள் பரிபூரணம். சபாரத்தினம் கடமை தவறாதவர். பின்னால் போய்ச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இதோ நாலு இருக்கே. எதுக்கும்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

பரிபூரணம் ஜாக்கி போட்டாள். தகர டப்பா டயர்களைக் கழற்றினாள். நுரை டயர்களை மாட்டினாள். இருநூறு மான்கள் கைதட்ட வழியில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. கடைசிச் சக்கரத்துக்கு அவள் குனிந்தபோது, சாக்கின் கிழிசல் வழியாகத் தன் முள் ஒன்றைக் கடித்து இழுத்து, முன் வலது டயரின் பள்ளத்தில் செருகிவிட்டாள். காற்று இறங்காது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் முனை தரையில் படும்.

கார் போனது. இலை விழுவது போலப் போனது. கூடவே ஒரு சின்ன டிக், டிக்.

"கேக்குதாடி?" என்றாள் பரிபூரணம், சுவருக்கு அப்பால்.

வளைக்குள்ளிருந்து பதில் வந்தது. "கேக்குது. கடிகாரம் ஒண்ணு நடந்து போற மாதிரி இருக்கு."

"அது கேட்டா உள்ள போயிடு."

"அது கேக்கலேன்னா வெளியில இருக்கேன். அவ்வளவுதானே?"

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புல்வெளி நகரில் புலிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். டயர் மாட்டியவள் என்று பரிபூரணத்துக்கும் இரண்டாம் வரிசையில் ஓர் இடம் கொடுத்தார்கள். கார் வந்து நின்றது. சபாரத்தினம் பொன்னாடையோடு போனவர் பாதியில் நின்றார். காதுகளைத் திருப்பினார்.

"ஐயா, மன்னிக்கணும். ஒரு சின்னச் சத்தம் வருது. கொஞ்சம் முன்னாடி நகர்த்துங்க."

டிக்.

மண்டியிட்டு டயரைத் தடவினார். இடுக்கி கொண்டுவரச் சொன்னார். முள்ளைப் பிடுங்கி எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். எல்லாத் தலைகளும் சாக்குச் சுற்றிய பரிபூரணத்தின் பக்கம் திரும்பின.

"தொழில்ல ஒரு நேர்மை வேண்டாமா அம்மா?" என்றார் சபாரத்தினம்.

புலி முள்ளை வாங்கிப் பார்த்து, தன் மூக்கைத் தடவிக்கொண்டது. "விடுங்க. நல்ல நாள் அதுவுமா யாரையும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தது. "எனக்கும் காலையிலிருந்து ஒண்ணும் இறங்கல. போற வழியில ஒரு டீ குடிச்சுட்டுப் போறேன்."

பரிபூரணம் அப்போதே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். நகரிலிருந்து டீக்கடைக்கு இரண்டு கிலோமீட்டர். குட்டைக் கால்கள், மேலே சாக்கு, சாக்கைச் சுற்றிக் கயிறு. பின்னால் குழல் இசை கேட்டது, நன்றியுரை கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. புளியமரம் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கிருந்து கத்தினால் குஞ்சிதத்தின் காதுக்கு எட்டும். வாயைத் திறந்தபோது முதுகில் லேசாகக் காற்று பட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் காரின் பின்புறம்தான் தெரிந்தது.

அவள் கத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, என்ன என்று பார்க்கக் குஞ்சிதம் ஊற்றிக்கொண்டிருந்த தம்ளரை வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தாள்.

பரிபூரணம் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. தம்ளரில் டீ முக்கால் அளவுக்கு இருந்தது. சுற்றிலும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நலச்சங்கம் இரண்டு நிமிடம் மௌனம் காத்தது. அந்த இரண்டு நிமிடமும் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று பிறகு எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது சார்ஜ் போடும் கம்பம் நிற்கிறது. சபாரத்தினம்தான் திறந்து வைத்தார். டயர் கடைக்குப் புலி ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "பழகிய இடம், பணிவான சேவை" என்று எழுதியது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் காட்டுச் சிறுத்தைகளும் செந்நாய்களும் அதே டயரைக் கேட்டு வரிசையில் நின்றன. புல்வெளி நகரில் வீடுகள் காலியாகிக்கொண்டே வந்தன. இடநெருக்கடி குறைந்துவிட்டதாகச் சங்கத்தின் ஆண்டறிக்கை சொன்னது.

பரிபூரணம் சாக்கைக் கழற்றி எறிந்தாள். முள்ளம்பன்றி நடந்தால் முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். தினமும் விடிந்ததும் சார்ஜ் கம்பத்திலிருந்து புல்வெளி நகர் வரைக்கும், எந்த வண்டி கிளம்புகிறதோ அதற்கு முன்னால் அவள் சலசலத்துக்கொண்டு நடந்தாள். கேட்டவர்கள் ஒதுங்கினார்கள். மூன்றாவது வாரம் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலை நேரத்து இரைச்சல் குறித்து, மூன்று பிரதிகளில், பதினைந்து நாள் கெடு வைத்து. கீழே நாற்பத்தாறு குளம்புத் தடங்கள்.

பதினாறாம் நாள் அவள் சாக்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நீதி: ஐந்து நட்சத்திரம் வாங்கிய டயரையே பார்த்து வாங்குங்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்க வேண்டியவர்களுக்கு அது வந்ததே தெரிந்திருக்காது.