கூடத்தில் குளிர்காலம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. சத்தமாச் சொன்னா அடுப்படிக்குக் கேட்டுடும்.

எங்க வீட்ல ஃபேன் ஒண்ணே ஒண்ணு. அது கூடத்துல நிக்கும். அதுக்கு எதிர்ல நான் உட்காருவேன். இந்த ஏப்ரல்ல மைசூரு கொதிச்ச கொதியில, சாமியே வந்து கேட்டாலும் ஃபேனைத் தர்றதில்லைன்னு சபதமே போட்டிருந்தேன். ஆனா கேட்டது சாமி இல்லை. என் வீட்டுக்காரி சித்தம்மா.

“ஏனுங்க, அடுப்படியில வெந்து சாகறேன். ஃபேனை இங்கே கொண்டாங்க.”

“வெக்கைன்னு நீ சொன்னா ஆச்சா புள்ள? அத்தாட்சி வேணும்.”

அத்தாட்சிங்கிற சொல்லை நான் காலேஜ்ல பிடிச்சேன். சுசித்ரா மேடம் அறையில நான் அட்டெண்டர். கல்லாப் போன இலைகளைத் துடைச்சு டிராயர்ல அடுக்கறது என் வேலை. எல்லாம் கோடி வருசத்து இலை. அதைப் பார்த்தே அந்தக் காலத்து வெயிலை மேடம் சொல்லிடுவாங்க.

அந்த வித்தையை வீட்ல அவிழ்த்துவிட்டேன்.

“ஓரம் வழவழன்னு இருக்கிற இலை நிறையக் கிடந்தா அது வெக்கைச் சீமை. ஓரத்துல ரம்பப் பல்லு இருக்கிறது நிறையக் கிடந்தா குளிர்ச் சீமை. மனுசன் பொய் சொல்லுவான். இலை சொல்லாது!”

சித்தம்மா முருங்கைக்கீரையை உருவிக்கிட்டே கேட்டா. “எத்தனை இலை வேணுங்க?”

“இருபது வகையாச்சும் வேணும்.”

“அந்த மரமெல்லாம் அங்கேயே முளைச்சதுதானுங்களா?”

“மரத்தை யாரு கண்டா? இலை எந்தக் குட்டையில விழுந்து கிடக்குதோ, அந்த இடத்துக் கணக்கு.”

இந்த வாய்க்கு ஒரு மூடி வாங்கிப் போட்டிருக்கலாம்.

“அப்ப இலை சொன்னா ஃபேனைக் கொடுப்பீங்களா?”

பக்கத்து வீட்டுக் கௌரம்மா வேற உறைமோர் வாங்க வந்து நிக்கறாங்க. அவங்க முன்னாடி பின்வாங்க முடியுமா?

“தாராளமாக் கொடுக்கறேன். இலை சொல்லட்டும்!”

மறுநாள் வேலை முடிஞ்சு வந்தேன். அடுப்படித் தரை முழுக்க இலை. வாழை, மா, பலா, புங்கை, வெத்தலை, புளி, ஆல்... எண்ணினேன். இருபத்திரெண்டு வகை. ஒண்ணுக்கும் பல் கிடையாது. பிறந்த குழந்தை வாயாட்டம் வழவழன்னு இருக்குது.

“மோசடி! இதெல்லாம் மார்க்கெட்லயும் பார்க்லயும் பொறுக்கினது!”

“மரத்தை யாருங்க கண்டா? இந்தக் குட்டையிலதான கிடக்குது.”

சாட்சிக்கு வந்திருந்த கௌரம்மா, “ஹௌது ஹௌது”ன்னு தலையாட்டினாங்க.

நான் விடுவேனா? நாற்காலியில போய் அழுத்தமா உட்கார்ந்தேன். “கூடமும் வெக்கைதான்! இதுக்கும் இலை வைச்சுப் பாரு!”

“நியாயமான பேச்சுங்க,” அப்படின்னு உள்ளே போனா. ஒரு முறம் நிறையக் கொண்டாந்து என் காலடியில கொட்டினா. வேப்பிலை, ரோஜா, செம்பருத்தி, புதினா, ஓமவல்லி, இன்னும் பேர் தெரியாதது ஒரு பதினைஞ்சு. அவ தம்பி கொள்ளேகால்ல இருந்து பஸ்ல கொண்டாந்த மல்பெரி வேற. அத்தனைக்கும் பல்லு. எல்லாம் என்னைப் பார்த்து இளிக்குது.

“இந்தக் குளிர்லயா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தீங்க?” அவளுக்குக் குரலே தழுதழுத்துப்போச்சு.

ஒரு கையால ஃபேனைத் தூக்கி இடுப்புல வைச்சுக்கிட்டா. இன்னொரு கையால பரண்ல கிடந்த குரங்குக் குல்லாவை எடுத்து, என் தலையில மாட்டி, காதையும் இழுத்து மூடிவிட்டா.