விடை சொல்லாத அறை

வட இங்கிலாந்தின் அந்தப் பல்கலைக்கழகம் மனித குலத்துக்கு அளித்த மாபெரும் கொடை, பதில் சொல்லாத ஓர் அறை. அந்த ஊரில் "நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவதுதான் மரியாதை. அந்த மரியாதைக்கு ஒரு சோபா போட்டுக் கொடுத்து, 'நல்வாழ்வு மையம்' என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பயிற்றுநர் ஃபிலிப்பா ஒரு மாணவருக்கும் யோசனை சொன்ன பாவத்தைச் செய்ததில்லை. 'விடை உனக்குள்ளேயே இருக்கிறது' என்பது மையத்தின் வேதவாக்கு. பயிற்றுநர் கேள்வி மட்டுமே கேட்கலாம்.

ஜனவரியில் ரோவன் என்ற முதலாண்டு மாணவி வந்தாள். விடுதி அலுவலகம் 'மன உளைச்சல்' என்று சொல்லி அவளை இங்கே தள்ளிவிட்டிருந்தது. கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"என் ரூம்ல ஹீட்டர் வேல செய்யல. கை விறைச்சுப் போகுது, எழுத முடியல. இப்படியே இருந்தா படிப்ப விட்டுட்டு ஊருக்கே போயிடுவேன். யார்கிட்ட சொல்லணும்?"

"நல்ல கேள்வி. உனக்கு என்ன தோணுது?"

"ஹீட்டர் சரிபண்றவர்கிட்டன்னு தோணுது."

"கதகதப்புன்னா உனக்கு என்ன அர்த்தம்?"

"ஹீட்டர்."

ஃபிலிப்பாவுக்கு நாக்கு அரித்தது. ஹீட்டர் பழுதுபார்க்கும் கெவின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. 'பக்கத்து ரூம்' என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள். நல்லவேளை, தொழில்தர்மம் குறுக்கே வந்தது. ஒரு பிஸ்கட்டைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டாள்.

சுவருக்குப் பின்னால் கெவின் சிரித்தார்.

"அது யாரு?" என்றாள் ரோவன்.

"யாரா இருக்கும்னு நினைக்கிற?"

ரோவன் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினாள். "நீங்க நல்லா இருக்கீங்களா, ஃபிலிப்பா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவளுடைய விடுதி அறை காலி.

மாதக் கூட்டத்தில் துணைவேந்தர் விசாரித்தார். "ஹீட்டர் கேட்டு வந்த அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

ஃபிலிப்பா தன் பணிக்காலத்தில் முதன்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"விடை பெற்றுக்கிட்டா."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் கையிலும் கையுறை இல்லை. கூட்ட அறை ஹீட்டருக்கு மட்டும் காலையிலேயே கெவினைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் எங்கே இருப்பார் என்று அவர்களில் யாரும் தனக்குள்ளே தேடவில்லை.